மான்ட்ரோஸ் கட்சி மாறினாரா? (ஸ்காட்லாந்து, 1612–1650)

#1 ஏட்டுச்சுவடி

இங்கிலாந்து உள்நாட்டுப் போர் இழையில் ஒருவர் போகிற போக்கில் மான்ட்ரோஸை "கட்சி மாறி" என்று எழுதியிருந்தார். அங்கே பதில் சொன்னால் அந்த இழை திசைமாறிவிடும். அதனால் தனி இழை. எனக்கு இந்த மனிதர்மேல் நெடுநாள் ஈடுபாடு உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் ஈடுபாட்டால் மட்டும் இதை எழுதவில்லை.

ஜேம்ஸ் கிரஹாம், மான்ட்ரோஸின் 5-ஆவது எர்ல், பிறகு முதலாம் மார்க்விஸ். பிறந்தது 1612. தந்தை இறந்து 14 வயதில் பட்டத்துக்கு வந்தார். செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் படித்தபோது வில்வித்தைக்கான வெள்ளி அம்புப் பரிசை வென்றார். 17 வயதில் மேக்டலின் கார்னகியுடன் திருமணம். அக்காள் கணவர் ஆர்ச்சிபால்ட் நேப்பியர்தான் அவருக்கு வழிகாட்டி. மடக்கையைக் கண்டுபிடித்த ஜான் நேப்பியரின் மகன் இவர்.

1637-இல் முதலாம் சார்லஸ் லண்டனில் உட்கார்ந்துகொண்டு ஸ்காட்லாந்துத் திருச்சபைமேல் ஒரு புதிய வழிபாட்டு நூலைத் திணித்தார். எடின்பரோ செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தில் அதைப் படிக்கத் தொடங்கியதும் கலவரம். அடுத்த ஆண்டு பிப்ரவரி 28 அன்று கிரேஃப்ரையர்ஸில் தேசிய உடன்படிக்கை கையெழுத்தானது. முதலில் கையெழுத்திட்ட பிரபுக்களில் மான்ட்ரோஸும் ஒருவர். அப்போது அவருக்கு 25 வயது.

அந்த உடன்படிக்கையில் இரண்டு உறுதிகள் உண்டு. திருச்சபையில் புகுத்தப்பட்ட புதுமைகளை எதிர்ப்போம் என்பது ஒன்று. மன்னரின் உயிரையும் அதிகாரத்தையும் காப்போம் என்பது இன்னொன்று. மான்ட்ரோஸ் இரண்டையும் நம்பித்தான் கையெழுத்திட்டார். 1640 ஆகஸ்டில் ஸ்காட்லாந்துப் படை ட்வீட் ஆற்றைக் கடந்தபோது முதலில் தண்ணீரில் இறங்கியவரும் அவர்தான். 1641-இல் சார்லஸ் நேரில் எடின்பரோ வந்து பாராளுமன்றம் கேட்டதையெல்லாம் ஒப்புக்கொண்டார். ஆயர்களின் ஆட்சி போயிற்று. 1638-இல் எதற்காகக் கையெழுத்திட்டார்களோ அது கிடைத்துவிட்டது.

அதன் பிறகும் 1643-இல், கேம்பல் குலத் தலைவரான ஆர்கைல் பிரபு ஆர்ச்சிபால்ட் கேம்பலின் தரப்பு ஆங்கிலப் பாராளுமன்றத்தோடு இன்னொரு உடன்படிக்கை போட்டு, 1644 தொடக்கத்தில் ஏறத்தாழ 20,000 பேரை இங்கிலாந்துக்குள் அனுப்பியது, மன்னருக்கு எதிராக. இது முதல் கையெழுத்தின் இரண்டாம் பாதியை மீறுகிற செயல். மான்ட்ரோஸ் மீறவில்லை, மன்னர் பக்கம் நின்றார். என் வாதம் இவ்வளவுதான்.

#2 தாமிரபரணி

ஏட்டுச்சுவடி ஐயா, வாதம் காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் மனிதர்கள் காகிதத்தில் வாழவில்லை. அபர்டீனை எடுத்துக்கொள்வோம்.

1639-இல் அபர்டீன் மக்கள் உடன்படிக்கையில் கையெழுத்திட மறுத்தார்கள். அவர்கள் மன்னர் பக்கம். அவர்களை அடக்கக் கட்டாயக் கையெழுத்து வாங்கப் படையோடு போனவர் யார்? இதே மான்ட்ரோஸ். ஜூனில் டீ ஆற்றுப் பாலத்தில் சண்டை போட்டு ஊருக்குள் நுழைந்தார். ஐந்து ஆண்டு கழித்து, 1644 செப்டம்பர் 13 அன்று, அதே ஊருக்கு அதே மனிதர் மன்னரின் தளபதியாக வருகிறார். "உடன்படிக்கைக்குப் பணியாதே" என்று சொல்லிக்கொண்டு! தூதரோடு போன முரசு அடிக்கும் பையனை யாரோ சுட்டுக் கொன்றுவிட்டார்கள். சினத்தில் ஊரை வீரர்களிடம் விட்டுவிட்டார். மூன்று நாள் கொள்ளையும் கொலையும். ஆயுதம் ஏந்தாதவர்கள் தெருவில் வெட்டப்பட்டார்கள், பெண்கள் தூக்கிச் செல்லப்பட்டார்கள்.

செத்தவர்களில் பலர் மனத்தளவில் மன்னர் ஆதரவாளர்கள். கட்சி மாறினாரா இல்லையா என்று நாம் பேசிக்கொண்டிருக்கலாம். அந்த ஊருக்கு அவர் இரண்டு முறையும் படையெடுத்து வந்தவர்தான்.

#3 ஏட்டுச்சுவடி

அபர்டீனுக்கு என்னிடம் சமாதானம் இல்லை, தேடவும் மாட்டேன். அவர் வாழ்க்கையிலேயே மன்னிக்க முடியாத மூன்று நாட்கள் அவை. பையனைச் சுட்டது கொடுமைதான், அதற்கு ஓர் ஊரே ஈடாகாது. படை தன் கட்டுப்பாட்டில் இல்லை என்றும் அவர் தப்ப முடியாது. இனி இரக்கம் எதிர்பார்க்க வேண்டாம் என்று ஏற்கெனவே எச்சரித்தவர் அவர்.

1639-ஐப் பற்றி இன்னொன்றும் சேர்க்க வேண்டும், அது என் வாதத்துக்கு எதிராகவே இருந்தாலும். வடகிழக்கில் மன்னர் தரப்பின் பெரிய தலை ஹன்ட்லி மார்க்விஸ், கார்டன் குலத்தின் தலைவர். பத்திரமாகத் திரும்பிப் போகலாம் என்று உறுதி கொடுத்து அவரைப் பேச்சுவார்த்தைக்கு அழைத்தார்கள், பிறகு கைதியாக எடின்பரோவுக்குக் கொண்டுபோனார்கள். மான்ட்ரோஸ் அதற்கு உடந்தை. ஹன்ட்லி அதைச் சாகும்வரை மறக்கவில்லை. 1644-45-இல் மான்ட்ரோஸுக்கு மிகவும் தேவைப்பட்டது கார்டன்களின் குதிரைப்படை. அது வந்தது, போனது, மறுபடி வந்தது, முக்கியமான நேரத்தில் மறுபடி போனது. 1639-இல் மீறிய வாக்குக்கு 1645-இல் விலை கொடுத்தார்.

#4 கொற்றவை

இவ்வளவு நேரம் போர்க்களம் பற்றி யாரும் பேசாதது ஆச்சரியம். 1644 ஆகஸ்டு முதல் 1645 ஆகஸ்டு வரை அந்த ஒரே ஆண்டில் ஆறு வெற்றி: டிப்பர்மூர், அபர்டீன், இன்வர்லாக்கி, ஆல்டர்ன், ஆல்ஃபோர்ட், கில்சித். பீரங்கி இல்லை, சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை, பெரும்பாலும் குதிரையும் இல்லை.

தொடக்கத்தையே பாருங்கள். மன்னரின் பிரதிநிதி என்ற பட்டயத்தோடு, குதிரைக்காரன் வேடத்தில், இரண்டே துணைவர்களோடு எல்லையைக் கடந்து வருகிறார். பிளேர் அதோல் அருகே அலஸ்டர் மக்கொல்லாவைச் சந்திக்கிறார். மக்கொல்லா ஆன்ட்ரிம் எர்ல் அனுப்பிய அயர்லாந்து வீரர்களோடு மேற்குக் கரையில் இறங்கியவர். 2,000 பேர்கூட இல்லை, ஆனால் தேர்ந்த துப்பாக்கி வீரர்கள். ஸ்காட்லாந்து மலைநாட்டவரான ஹைலேண்டர்களும் இவர்களும் சேர்ந்ததுதான் மான்ட்ரோஸின் படை. இந்த ஆறு வெற்றியில் மக்கொல்லா நேரில் இல்லாமல் நடந்தது ஆல்ஃபோர்ட் ஒன்றுதான். மான்ட்ரோஸ் பக்தர்கள் இதைச் சொல்லத் தயங்குவார்கள்.

என் மனம் எப்போதும் நிற்பது இன்வர்லாக்கியில். 1645 ஜனவரிக் கடைசி. மான்ட்ரோஸ் இன்றைய ஃபோர்ட் அகஸ்டஸ் இருக்கும் இடத்தில் 1,500 பேரோடு இருக்கிறார். வடகிழக்கே இன்வர்னஸில் ஒரு படை. தென்மேற்கே இன்வர்லாக்கியில் ஆர்கைலின் கேம்பல் படை, ஏறத்தாழ 3,000 பேர். இரண்டுக்கும் நடுவில் நீளமான பள்ளத்தாக்கு, கிட்டி போட்டு இறுக்குவது போன்ற நிலை. பள்ளத்தாக்கு வழியே போனால் ஆர்கைலின் காவலர் கண்ணில் படுவார். அதனால் மலைமேல் ஏறினார். கிளென் டார்ஃப், கிளென் ராய் வழியாகப் பனியில், நடுக்குளிர்காலத்தில், 30 மைலுக்கு மேல். சமைத்த உணவு இல்லை. ஓட்ஸ் மாவைக் குளிர்ந்த நீரில் குழைத்துத் தின்றார்கள். பிப்ரவரி 1 இருட்டும் நேரத்தில் பென் நெவிஸ் அடிவாரத்தில் இறங்கினார்கள். கேம்பல்கள் அதை ஏதோ சிறு கொள்ளைக் கூட்டம் என்று நினைத்தார்கள். மறுநாள் விடியலில் மன்னரின் ஊதுகொம்பு ஒலித்த பிறகுதான் வந்திருப்பது மான்ட்ரோஸ் என்று தெரிந்தது.

ஆர்கைல் குதிரையிலிருந்து விழுந்து தோளில் அடிபட்டவர், அதனால் லாக் லின்னியில் தன் படகில் இருந்தார். தன் குலத்தார் அழிவதைத் தண்ணீரிலிருந்து பார்த்தார். தளபதி ஆக்கின்பிரெக் கேம்பல் செத்தார். அன்று 1,500 கேம்பல்கள் மடிந்ததாகச் சொல்வார்கள்.

#5 பாணன்மகன்

கொற்றவை அக்கா, அந்தப் போரைப் பற்றி கேலிக் மொழியில் பாடிய இயன் லோம் கெப்பாக் மக்டானல்ட் குலத்தின் கவிஞர். ஆர்கைலின் படை இன்வர்லாக்கியில் இருக்கிறது என்று மான்ட்ரோஸுக்குச் செய்தி கொண்டுவந்தவரும் அவரே என்பது மரபு. அவருடைய பாட்டைப் படித்தால் அதில் சார்லஸ் மன்னர் கிட்டத்தட்ட இல்லை. மக்டானல்டுகள் இருக்கிறார்கள், கேம்பல்களின் பிணங்கள் இருக்கின்றன, மக்கொல்லா இருக்கிறார். மான்ட்ரோஸ் மன்னருக்காகப் போரிட்டார். அவர் பின்னால் நடந்தவர்கள் கேம்பல்களிடம் இழந்த நிலத்துக்காகப் போரிட்டார்கள். எனக்கு அவர்களுடைய கோபம்தான் புரிகிறது.

#6 கொற்றவை

சரியாகச் சொன்னீர்கள் தம்பி. பிலிப்ஹா தோல்விக்கும் காரணம் அதுவே. கில்சித்துக்குப் பிறகு ஸ்காட்லாந்து முழுவதும் அவர் கையில். கிளாஸ்கோவைக் கொள்ளையடிக்கக் கூடாது என்று உத்தரவிட்டார், அக்டோபரில் அங்கே பாராளுமன்றம் கூட்ட அழைப்பும் விடுத்தார். அபர்டீனில் செய்யாததைக் கிளாஸ்கோவில் செய்தார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கொள்ளை இல்லாத இடத்தில் ஹைலேண்டர்கள் இருப்பார்களா? அறுவடைக்குப் போனார்கள். மக்கொல்லா கேம்பல்களைத் தேடி மேற்கே போனார். கார்டன்களும் கிளம்பினார்கள். எல்லைப்பகுதியில் ஆள் திரட்டலாம் என்று போனவரை 1645 செப்டம்பர் 13 காலை மூடுபனியில் உடன்படிக்கைத் தரப்புத் தளபதி டேவிட் லெஸ்லியின் குதிரைப்படை வளைத்தது. அபர்டீன் நடந்து சரியாக ஓராண்டு.

#7 தாமிரபரணி

அங்கே நடந்ததையும் எழுதுங்கள் அக்கா. உயிருக்கு உறுதி தருகிறோம் என்றதை நம்பி அயர்லாந்து வீரர்கள் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். பிறகு அவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். படையோடு வந்த பெண்களையும் பிள்ளைகளையும் கொன்றார்கள். உடன்படிக்கைத் தரப்பின் போதகர்கள் சிலர் அதைத் தேவனுடைய நீதி என்றார்கள். அபர்டீனைப் பேசுகிற நான் இதைப் பேசாமல் இருந்தால் நியாயமாகாது.

#8 கல்வெட்டு

ஆர்கைலுக்காக ஒரு குரல் கூடவா இல்லை? நான் சொல்கிறேன்.

ஆர்ச்சிபால்ட் கேம்பல் கோழை என்ற படம் பெரும்பாலும் எதிரிகள் வரைந்தது. போர்க்களத்தில் அவர் தளபதி அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சார்லஸ் 1641-இல் ஒப்புக்கொண்டார் என்று ஏட்டுச்சுவடி ஐயா எழுதினாரே, அந்த ஒப்புதலை எந்த ஆதாரத்தில் நம்புவது? இங்கிலாந்தில் சார்லஸ் வென்றிருந்தால் அடுத்த நாளே ஸ்காட்லாந்துப் பக்கம் திரும்பியிருப்பார் என்று ஆர்கைல் கணித்தார். 1638, 1639, 1640 மூன்று ஆண்டும் அந்த மன்னர் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தவருக்கு வேறு எப்படித் தோன்றும்? வென்ற உரிமையைக் காக்க இங்கிலாந்துப் பாராளுமன்றம் தோற்காமல் இருக்க வேண்டும். 1643 உடன்படிக்கைக்குப் பின்னால் இருந்த அறிவு அது. மான்ட்ரோஸ் மன்னரின் சொல்லை நம்பினார், ஆர்கைல் நம்பவில்லை. 1650-இல் நடந்ததைப் பார்த்தால் யார் கணிப்பு சரி என்று தெரியும்.

#9 ஏட்டுச்சுவடி

கல்வெட்டு ஐயா, இந்த இழையில் எனக்கு எதிரான வலுவான வாதம் உங்களுடையதுதான். 1650-ஐ எழுதிவிடுகிறேன்.

1646-இல் சார்லஸ் ஸ்காட்லாந்துப் படையிடம் சரணடைந்து, படையைக் கலைத்துவிடு என்று மான்ட்ரோஸுக்கு உத்தரவு அனுப்பினார். கலைத்தார். பணியாள் வேடத்தில் நார்வேக்குக் கப்பலேறினார். ஐரோப்பாவில் அவருக்குப் பெயர் இருந்தது. பேரரசர் மூன்றாம் ஃபெர்டினாண்ட் 1648-இல் ஃபீல்டு மார்ஷல் பதவி தந்தார். சுகமாக அங்கேயே இருந்திருக்கலாம். 1649 ஜனவரி 30 அன்று சார்லஸ் வெட்டப்பட்ட செய்தி கேட்டு மயங்கி விழுந்தார். மகன் இரண்டாம் சார்லஸ் அவரை ஸ்காட்லாந்துக்குப் பிரதிநிதியாக நியமித்தார். அதே நேரத்தில் ஆர்கைல் தரப்போடும் பேரம் பேசினார். மான்ட்ரோஸின் படையெடுப்பு அந்தப் பேரத்தில் ஒரு மிரட்டலாக இருந்தால் போதும் அவருக்கு.

1650 மார்ச்சில் ஆர்க்னித் தீவுகளில் இறங்கினார். டென்மார்க், ஜெர்மன் வீரர்கள் கொஞ்சம், துப்பாக்கியே பிடித்திராத ஆர்க்னி இளைஞர்கள் மீதி. ஏப்ரல் 27 அன்று கார்பிஸ்டேலில் உடன்படிக்கைத் தரப்புத் தளபதி ஸ்ட்ராக்கனின் சில நூறு குதிரைவீரர்கள் அவர்களைச் சிதறடித்தார்கள். ஓடியவர்களில் பலர் நீரில் மூழ்கினார்கள். மான்ட்ரோஸ் அசின்ட் மலைகளில் பட்டினியோடு அலைந்து, ஆர்ட்வ்ரெக் கோட்டையின் நீல் மக்லியோட் கையில் சிக்கினார். மக்லியோடுக்குப் பரிசாக அறிவித்தது 25,000 ஸ்காட்ஸ் பவுண்டு. அதில் ஒரு பகுதி ஓட்ஸ் மாவு.

மே 1 தேதியில் இரண்டாம் சார்லஸ் பிரேடாவில் ஆர்கைல் தரப்போடு ஒப்பந்தம் செய்தார். மே 21 அன்று மான்ட்ரோஸைத் தூக்கிலிட்டார்கள். புதிதாக விசாரணைகூட இல்லை, பழைய தண்டனையே போதும் என்றார்கள். ஜூன் கடைசியில் சார்லஸ் ஸ்காட்லாந்தில் இறங்கி இரண்டு உடன்படிக்கைகளுக்கும் சத்தியம் செய்தார்.

ஆக, மன்னர்களை நம்பக்கூடாது என்ற ஆர்கைலின் கணிப்பு சரி. அதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம்பியவரைக் கட்சி மாறி என்று சொல்ல முடியாது.

#10 கடல்கடந்தவள்

எடின்பரோவில் வசிக்கிறேன், அதனால் இடங்களைப் பற்றி எழுதுகிறேன். மே 18 அன்று அவரைக் கானன்கேட்டின் அடிவாரத்திலிருந்து, தூக்குப்போடுபவனின் வண்டியில் கைகளைக் கட்டி, தலையில் தொப்பி இல்லாமல் மேலே கொண்டுவந்தார்கள். மக்கள் கல்லெறிய வேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. யாரும் எறியவில்லை, பலர் அழுதார்கள் என்பதுதான் பதிவு. வழியில் மோரே ஹவுஸ். ஆர்கைலின் மகனுக்குத் திருமணம் முடிந்து அந்த வீட்டில் உறவினர் கூடியிருந்தார்கள், ஆர்கைலும் ஜன்னல் ஓரம் நின்றார். வண்டியை அங்கே நிறுத்தினார்கள். அந்தக் கட்டடமும் மாடமும் இன்றும் உள்ளன. இப்போது பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறை.

தூக்கு நாளில் அவர் கருஞ்சிவப்பு மேலங்கி, வெள்ளைக் கையுறை எல்லாம் அணிந்து மாப்பிள்ளைபோல நடந்து போனதாகப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 30 அடி உயரத் தூக்குமரம். அவருடைய போர்களைப் பற்றி ஜார்ஜ் விஷார்ட் லத்தீனில் எழுதிய புத்தகத்தை அவமானமாகக் கழுத்தில் தொங்கவிட்டார்கள். மன்னர் தந்த கார்ட்டர் விருதைவிட இதை அணிவது பெருமை என்றார் அவர். தலையை டோல்பூத் சிறைமேல் ஈட்டியில் குத்தினார்கள். கைகால்கள் கிளாஸ்கோ, பெர்த், ஸ்டர்லிங், அபர்டீன் நான்கு ஊர்களுக்கும் போயின.

1661 மே 11 அன்று, முடியாட்சி திரும்பிய பிறகு, எல்லா உறுப்புகளையும் சேர்த்து அரசு மரியாதையோடு செயின்ட் ஜைல்ஸில் அடக்கம் செய்தார்கள். அதே மே 27 அன்று ஆர்கைலின் தலை வெட்டப்பட்டு, மான்ட்ரோஸின் தலை 11 ஆண்டு இருந்த அதே ஈட்டியில் ஏறியது. இன்று அந்தத் தேவாலயத்தில் இருவருக்கும் எதிரெதிர்ப் பக்கங்களில் பளிங்குச் சிலையோடு நினைவுமண்டபம் இருக்கிறது.

#11 வைகைக்கரை

அவருடைய இதயம் மதுரைக்கு வந்ததாக எங்கோ படித்தேன். உண்மையா?

#12 ஏட்டுச்சுவடி

அப்படி ஒரு குடும்பக் கதை உண்டு. 1836-இல் சர் அலெக்ஸாண்டர் ஜான்ஸ்டன் தன் மகள்களுக்கு எழுதிய கடிதம்தான் ஆதாரம். இதயத்தை மட்டும் நேப்பியர் வீட்டு அம்மையார், அதாவது மான்ட்ரோஸின் அக்காள் மகனுடைய மனைவி, ரகசியமாக எடுக்கச் செய்து, பதப்படுத்தி, அவர் வாளின் எஃகில் செய்த சிமிழில் வைத்தாராம். பல கை மாறி அது நேப்பியர் பிரபு ஒருவரின் மகள் ஹெஸ்டரிடம் வந்தது. அவர் கணவர் கம்பெனி அதிகாரியாக மதுரைக்கு வந்தார். கப்பலில் வரும்போது பிரெஞ்சுத் தாக்குதலில் வெளிப்பேழை உடைந்தது, சிமிழ் தப்பியது. மதுரைப் பொற்கொல்லர் ஒருவர் புதுப் பேழை செய்து கொடுத்தார்.

அதை வைத்திருப்பவருக்குப் போரில் காயம் படாது என்று ஊரில் பேச்சு பரவி, திருட்டுப் போயிற்று. ஒரு பாளையக்காரர் அதைப் பெரிய விலைக்கு வாங்கியிருந்தார். ஹெஸ்டரின் மகனான சிறுவன் அலெக்ஸாண்டர் (பின்னாளில் கடிதம் எழுதியவர்தான்) அவரோடு வேட்டைக்குப் போய், பன்றி வேட்டையில் நல்ல பெயர் வாங்கி, பரிசாக அதைக் கேட்டான். அவர் பெருந்தன்மையோடு திருப்பிக் கொடுத்தார். பின்னாளில் ஆர்க்காட்டு நவாபுக்கு எதிராகக் கிளர்ந்து அவர் கொல்லப்பட்டபோது, தன் இதயத்தையும் அப்படிக் காக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதாகக் கடிதம் சொல்கிறது. கடைசியில் குடும்பம் ஊர் திரும்பும் வழியில், பிரெஞ்சுப் புரட்சி நாட்களில், பூலோனில் ஒரு பெண்ணிடம் கொடுத்துவைத்த சிமிழ் காணாமல் போனது.

#13 வைகைக்கரை

அந்தப் பாளையக்காரர் கட்டபொம்மனாக இருக்குமோ ஐயா?

#14 ஏட்டுச்சுவடி

அந்தப் பெயரை ஒட்ட வேண்டாம். கட்டபொம்மனை 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிட்டது கம்பெனி. கடிதம் சொல்வது நவாபுக்கு எதிரான கிளர்ச்சியை. கதையே ஒரு குடும்பத்தின் நினைவை மட்டும் நம்பி நிற்கிறது, அதன்மேல் நாமும் ஒரு மாடி கட்டக்கூடாது.

#15 பனங்கூடல்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுறன். இந்த அலெக்ஸாண்டர் ஜோன்ஸ்டன் எங்களுக்குத் தெரிஞ்ச ஆள்தான். 1811 தொடக்கம் 1819 வரை இலங்கையின்ர பிரதம நீதியரசர். 1816 ஓகஸ்ட் 12-க்குப் பிறகு அடிமைகளுக்குப் பிறக்கிற பிள்ளையள் சுதந்திரர் எண்டு உடைமையாளரிட்ட ஒப்பம் வாங்கினவர். மதுரையில வளர்ந்த காலத்தில தமிழ் படிச்சவர். அவற்ற தாயின்ர வழியில மான்ட்ரோஸின்ர இதயம் வந்த கதை இருக்கெண்டு இண்டைக்குத்தான் அறியிறன். நன்றி ஐயா.

ஒரு கேள்வி. மான்ட்ரோஸின்ர பிள்ளையளுக்கு என்ன நடந்தது?

#16 ஏட்டுச்சுவடி

மூத்தவன் ஜான் அப்பாவோடு இன்வர்லாக்கிக் குளிர்காலம் முழுவதும் நடந்தவன். 1645 மார்ச்சில் கார்டன்களின் கோட்டையில் நோயில் இறந்தான், 14 வயதுதான். இரண்டாமவன் ஜேம்ஸைப் பள்ளிக்கூடத்திலிருந்து பிடித்துப்போய் எடின்பரோ கோட்டையில் வைத்தார்கள். அவர்தான் இரண்டாம் மார்க்விஸ் ஆனார். 1661-இல் தந்தையின் சவ ஊர்வலத்தில் நடந்தார். அதே மாதம் பாராளுமன்றத்தில் ஆர்கைலின் விசாரணை. அவருக்கு வாக்கு இருந்தது. இந்த மனிதர்மேல் எனக்குள்ள கோபத்தோடு நான் நடுநிலையாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று வாக்களிக்க மறுத்துவிட்டார்.